சிறுவர்களைச் சிறையில் அடைப்பது கூடுகிறதா, குறைகிறதா?

இளம் குற்றவாளிகளை அடைத்துவைக்கும் போக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் வைத்துச் சொன்னால், நன்றாகவே குறைந்திருக்கிறது.

அமெரிக்காவில் 2000-இல் சிறார் காவல் இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2020-இல் சுமார் 25,000 பேர்தான். இங்கிலாந்து, வேல்ஸில் 2008 வாக்கில் 3,000 பேர் அளவில் இருந்தது. சில ஆண்டுகளாக 500-க்கும் கீழே நிற்கிறது.

இத்தனைக்கும் 1990-களில் அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். ஈவிரக்கமற்ற சிறுவர் கூட்டம் ஒன்று வரப்போகிறது என்று பயமுறுத்தினார்கள். பெரும்பாலான மாநிலங்கள் சிறுவர்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றுவதை எளிதாக்கின. அந்தக் கூட்டம் வரவே இல்லை. அந்தப் பத்தாண்டின் நடுவிலிருந்தே சிறுவர் குற்றங்கள் சரியத் தொடங்கிவிட்டன.

கைது குறைந்தால் அடைக்க ஆளும் குறையும், பாதி விளக்கம் இதுதான். அப்புறம், சின்னத் தப்புக்கு வழக்குப் போடாமல் எச்சரித்து அனுப்பும் வழக்கம் பரவியது. பதின்பருவ மூளை இன்னும் முதிராதது என்ற வாதமும் நீதிமன்றத்தில் எடுபட்டது: 18 வயதுக்குமுன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. செலவையும் மறந்துவிடக் கூடாது. காவல் இல்லம் நடத்துவது மலிவான வேலை அல்ல.

எண்ணிக்கை குறைந்தாலும் பாகுபாடு கரையவில்லை. இரு நாடுகளிலும் கறுப்பினச் சிறுவர்களின் பங்கு அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்தைவிட இன்றும் மிக அதிகம். இங்கிலாந்தில் உள்ளே இருப்பவர்களில் கணிசமானோர் தண்டனை பெற்றவர்களே அல்ல, விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். எனக்கு உறுத்துவது இதுதான்.