கம்ப்யூட்டர் சர்வீஸ் ஒப்பந்தம்: கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது?

சிறுதொழில் நடத்துவோர் தங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்க ஆள் அமர்த்துவது பற்றி எழுதிய கடிதங்கள் இரண்டு மாதங்களாகச் சேர்ந்துவிட்டன. பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கி, இந்த முறை இதற்கு மட்டுமே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் 14 கம்ப்யூட்டர்களும் ஒரு சர்வரும் உள்ளன. ஆண்டுப் பராமரிப்புக்கு ஒருவர் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். மற்றவர் 3,800 ரூபாய் கேட்கிறார். இருவருமே "எல்லாம் அடக்கம்" என்கிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது? (திருப்பூர்)

பதில்: வாய்ப்பேச்சாக இருக்கும் வரையில் "எல்லாம் அடக்கம்" என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டு வகைப்படும். உதிரிபாகங்களையும் சேர்த்துப் பொறுப்பேற்பது ஒன்று. ஆள் வந்து பார்ப்பதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு, பழுதான பாகத்துக்குத் தனியே விலை போடுவது மற்றொன்று. உங்களுக்கு வந்துள்ள இரண்டு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், மானிட்டர் ஆகியவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே "உண்டு", "இல்லை" என்று குறித்துத் தரும்படி இருவரிடமும் கேளுங்கள். யு.பி.எஸ். பேட்டரி, பிரிண்டர் டோனர், டிரம் போன்றவற்றை ஏறக்குறைய யாருமே ஒப்பந்தத்தில் சேர்ப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். நான் ஒரு முறை "உதிரிபாகங்கள் நீங்கலாக" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். அதே ஆண்டில் இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஒரு மதர்போர்டும் போய்விட, ஒப்பந்தத் தொகையைவிட அதிகமான பணத்தை உதிரிபாகங்களுக்குக் கொடுத்தேன்.

அடுத்து நேரத்தைப் பாருங்கள். "நான்கு மணி நேரத்தில் வருவோம்" என்பதும் "நான்கு மணி நேரத்தில் சரிசெய்வோம்" என்பதும் ஒன்றல்ல. வந்து பார்த்துவிட்டு, "பாகம் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும்" என்று சொல்லிச் செல்பவரும் முதல் வாக்குறுதியைக் காப்பாற்றியவராகவே கணக்கில் வருவார். ஆகவே சர்வர் நின்றால் எத்தனை மணி நேரத்தில் வேலை மீண்டும் நடக்கும், அதுவரை மாற்றுக் கம்ப்யூட்டர் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேச வந்தவரே வேலையும் செய்பவரா, அவர் காய்ச்சலில் படுத்தால் யார் வருவார் என்றும் கேளுங்கள். அவர்கள் காட்டும் திருப்தியான வாடிக்கையாளர்களோடு, அவர்களை விட்டு விலகிய ஒருவரிடமும் பேசிப் பாருங்கள். விலகும்போது எப்படி நடந்துகொண்டார்கள் என்பது அவரிடம்தான் தெரியவரும்.

"பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம்" என்று யாரேனும் சொன்னால் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுள்ள உங்களுக்கு அந்த வரி உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கக்கூடியது. பில் இல்லையென்றால் ஒப்பந்தம் இருந்ததற்கே சான்று இருக்காது.

கேள்வி: என் மைத்துனரின் நண்பர் கம்ப்யூட்டர் நன்கு தெரிந்தவர். பணமே வேண்டாம், ஓய்வு நேரத்தில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஏற்கலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். பணம் வாங்காதவரைத் தாமதத்துக்காகக் கேட்கவும் முடியாது, வேலையிலிருந்து விலக்கவும் முடியாது. உங்களுக்கு மைத்துனர் உறவும் வேண்டும்.

கேள்வி: வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்கிறோம். ஆறு ஆண்டுகளாக இருந்த சர்வீஸ் நிறுவனத்தை மாற்றியபோதுதான், எங்கள் இணைய முகவரியை (டொமைன்) அவர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்திருந்தது தெரியவந்தது. விடுவிக்க 60,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் மின்னஞ்சல்கள் நின்றுபோய், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எழுதுவது எதுவும் வந்து சேர்வதில்லை. (கரூர்)

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். எனக்கும் இது நடந்திருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இன்றைக்கே செய்யவேண்டியது பணத்தைப் பற்றியதல்ல. வாடிக்கையாளர்கள் அனைவரையும் தொலைபேசியில் அழைத்து, பழைய முகவரிக்கு எழுதவேண்டாம் என்றும், அந்த முகவரியிலிருந்து "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கடிதம் வந்தால் நம்பவேண்டாம் என்றும் சொல்லுங்கள். இணைய முகவரியைக் கையில் வைத்திருப்பவரால் அதற்கு வரும் மின்னஞ்சல்களைத் தான் விரும்பும் இடத்துக்குத் திருப்பிக்கொள்ளவும், உங்கள் பெயரில் எழுதவும் முடியும். அந்த நிறுவனம் அதைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறது.

பிறகு சான்றுகளைத் திரட்டுங்கள். "இணைய முகவரிப் பதிவு" அல்லது "புதுப்பித்தல்" என்று குறிப்பிட்டு அவர்கள் உங்களுக்குத் தந்த ஒவ்வொரு பில்லும், நீங்கள் பணம் செலுத்திய வங்கிப் பதிவும் அந்த முகவரி உங்களுக்காக வாங்கப்பட்டது என்பதைக் காட்டும். அவற்றை இணைத்து வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதன் நகலை, அந்த முகவரி எந்த நிறுவனத்தின் மூலம் பதிவு செய்யப்பட்டதோ அந்தப் பதிவு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். பலர் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகிறார்கள். முகவரி "டாட் இன்" என்று முடிவதானால், அதை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பிடம் நடுவர் மூலம் தீர்க்கும் முறை உண்டு. "டாட் காம்" முகவரிக்கும் அதைப் போன்ற தனி முறை இருக்கிறது. இரண்டிலும் அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருப்பதையும், எதிர்த்தரப்பு தீய எண்ணத்துடன் வைத்திருப்பதையும் நீங்கள் காட்டவேண்டும். கட்டணமும் மாதங்களும் செலவாகும் என்பதால், 60,000 ரூபாயுடன் ஒப்பிட்டுக் கசப்போடு ஒரு கணக்குப் போடவேண்டியிருக்கும்.

என் கதை இதைவிடக் கேவலமானது. என் சிறிய தளத்துக்கான முகவரியை ஓர் இளைஞர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தார். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பார்க்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. காலக்கெடு முடிந்து முகவரி சந்தைக்கு வந்தது. இன்று என் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. 800 ரூபாய் கொடுத்துவிட்டு அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காத என் மீதுதான் இருக்கிறது.

இந்தப் பகுதியை வாசிக்கும் மற்றவர்கள் இன்று மாலையே பார்க்கவேண்டியவை சில உண்டு. இணைய முகவரிக் கணக்கு எந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது, நினைவூட்டல் யாருக்குப் போகிறது? நிறுவன மின்னஞ்சலின் நிர்வாகி யார்? ரவுட்டர், சர்வர், சிசிடிவி பதிவுக் கருவி ஆகியவற்றின் நிர்வாகக் கடவுச்சொற்கள் உங்களிடம் உள்ளனவா? டாலி கணக்கு மென்பொருளின் உரிமத்தை உங்கள் மின்னஞ்சலில் பதிந்தார்களா, தங்கள் மின்னஞ்சலில் பதிந்தார்களா? வாடகை வீட்டுக்குப் பூட்டு மாட்டித் தந்த கொல்லர் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போனால் நாம் சும்மா விடமாட்டோம். கம்ப்யூட்டர் என்றவுடன் "அவருக்குத்தான் தெரியும்" என்று விட்டுவிடுகிறோம். எல்லாக் கடவுச்சொற்களையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பீரோவில் வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நல்ல சர்வீஸ்காரர் இதைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார், சுளிப்பவரை அமர்த்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லையும் சர்வீஸ் பையனிடமே கொடுத்து வைத்திருக்கிறோம். வசதியாக இருக்கிறது. தவறா? (ஈரோடு)

பதில்: இன்றே திரும்ப வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42-ஆம் பிரிவு டோக்கனுக்குள் இருக்கும் கையொப்பச் சாவியைப் பாதுகாக்கும் பொறுப்பை உங்கள் மீதுதான் வைக்கிறது. அதைக் கொண்டு யார் எதில் கையெழுத்திட்டாலும், இட்டவர் நீங்கள் என்றே முதலில் கொள்ளப்படும்.

கேள்வி: எங்கள் அச்சகத்தின் கோப்புகள் அனைத்தும் ஒரே இரவில் பூட்டப்பட்டுவிட்டன, திறக்கப் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு கிடக்கிறது. "தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்று சொன்ன சர்வீஸ் நிறுவனம், பேக்கப் இருந்த வெளி ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது என்கிறது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? (சிவகாசி)

பதில்: மனம் வருந்துகிறது. முதலில் யாரையும் எதையும் அழிக்க விடாதீர்கள். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களின் வலைத்தொடர்பைத் துண்டித்து, டிஸ்க்குகளை அப்படியே எடுத்து வையுங்கள். அவையே சான்று, பிற்காலத்தில் திறக்க வழி கிடைத்தாலும் அவைதான் தேவைப்படும். "நோ மோர் ரேன்சம்" என்ற தளத்தில், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. உங்களைத் தாக்கியது அந்த வகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதியுங்கள். இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற ஆணை 2022 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. உங்கள் சர்வீஸ் நிறுவனம் அதை உங்களிடம் சொன்னதா என்று கேளுங்கள். கேட்ட பணத்தைக் கொடுத்தால் கோப்புகள் திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நுகர்வோர் ஆணையத்தைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற சொல்லுக்குள் சேர்ப்பதில்லை. சுயதொழிலில் வயிறு வளர்ப்பவருக்குத் தரப்பட்ட விலக்கும் வாங்கிய பொருள்களைப் பற்றியே பேசுகிறது. ஆகவே உங்களுக்குள்ள வழி ஒப்பந்த மீறலுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடுவதே. அதற்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. வழக்கின் வலிமை, "தினமும் பேக்கப்" என்பது எழுத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பில்லில் ஒரு வரி, வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி இருந்தாலும் அச்செடுத்து வையுங்கள்.

அவர்கள் செய்த தவறு எளிமையானது, மன்னிக்க முடியாதது. எப்போதும் சர்வரில் செருகியே இருக்கும் டிஸ்க், சர்வருக்கு வரும் நோயையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகள், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த பழைய கணக்கு. அத்துடன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பேக்கப்பிலிருந்து பழைய கோப்பு ஒன்றை உங்கள் கண் முன்னால் மீட்டுக் காட்டச் சொல்லவேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவேண்டியவர்கள் நாம். "எடுத்துக்கொண்டிருக்கிறோம் சார்" என்ற சொல்லை நம்பி அத்தனை காலம் இருக்க முடியாது.

கேள்வி: தள்ளுபடி கிடைத்ததால் மூன்று ஆண்டுத் தொகையையும் முன்பணமாகக் கட்டிவிட்டேன். ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. இப்போது அழைத்தால் யாரும் வருவதில்லை. (சேலம்)

பதில்: மூன்று ஆண்டுப் பணம் கையில் வந்த பிறகு அவர் எதற்காக ஓடி வரவேண்டும்? மாதத் தவணை அல்லது காலாண்டுத் தவணைக்கு மேல் முன்பணம் கொடுக்கவேண்டாம் என்று எத்தனை முறை எழுதினாலும், தள்ளுபடி என்ற சொல்லைக் கண்டதும் அது மறந்துவிடுகிறது. இப்போதாவது அந்தத் தாளை எடுத்துப் படித்து, முறித்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இனி ஒவ்வொரு புகாரையும் தேதியுடன் மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள். வராத நாள்களைப் பட்டியலிட்டு, எஞ்சிய காலத்துக்குரிய பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள 9 கம்ப்யூட்டர்களும் பழையவை, விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, அனைத்தையும் மாற்றவேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். விற்பதும் அவரே. இது வியாபாரத் தந்திரமா? (நாமக்கல்)

பதில்: பாதி உண்மை. 2025 அக்டோபர் 14-உடன் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றது உண்மை. நிறுவனங்கள் பணம் கட்டி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை, அதை அவர் சொல்லியிருக்கமாட்டார். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பிராசஸரும் வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் மாடலையும் பிராசஸரையும் எழுதி, எது மாறும், எது மாறாது என்று பட்டியல் தரச் சொல்லுங்கள். அதை வேறொருவரிடம் காட்டுங்கள். ஒன்பதும் ஒரே நாளில் சாகாது.

கேள்வி: 11 கம்ப்யூட்டர்களுக்கும் விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் "லைஃப் டைம்" இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். (மதுரை)

பதில்: திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு. போட்டுத் தந்தவர் உங்களோடு வந்து நிற்கமாட்டார். நானும் 600 ரூபாய்க்கு ஒரு "அசல்" கீ வாங்கியவன்தான். நான்கு மாதம் வேலை செய்தது.

கேள்வி: நான் ஆறு பேரை வைத்துச் சர்வீஸ் தொழில் செய்கிறேன். நீங்கள் எப்போதும் வாங்குபவர் பக்கமே பேசுகிறீர்கள். ஏ.எம்.சி. பணத்தை ஏழெட்டு மாதம் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரின் சர்வர் கடவுச்சொல்லைத் தராமல் வைத்திருக்கிறேன். அது தவறா? (கோயம்புத்தூர்)

பதில்: தவறுதான். அந்தக் கடவுச்சொல் அவருடைய சொத்து. அதைப் பிடித்துவைத்தால், உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் போய், கரூர் கடிதத்தில் வரும் நிறுவனத்தின் வரிசையில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். பணம் வராவிட்டால் ஒப்பந்தப்படி வேலையை நிறுத்துங்கள், கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்குச் சட்டம் வேறு கருவி தந்திருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள்; கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும், இல்லையென்றால் 15 நாள்களிலும் பணம் தரப்படவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். பணம் பெற்றுத்தர மாநில அளவில் வசதி மன்றங்களும் உண்டு. ஆனால் மன்றத்துக்குப் போகும் முன், உங்கள் பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு அனுப்பிப் பாருங்கள். காலக்கெடு கடந்து நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதால், மார்ச் மாதத்தில் அந்த எண்ணைக் கண்டதும் வாடிக்கையாளரின் ஆடிட்டரே அவரை அழைத்துப் பேசுவார்.