லேபிளில் 3-ம் தேதி, கூரியரில் 7-ம் தேதி

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே வெள்ளிக் கொலுசு விற்கிறேன். கோவை வாடிக்கையாளர் ஒருவர், மகள் கல்யாணம் 9-ம் தேதி என்று சொல்லி 18,500 ரூபாய்க்கு வாங்கினார். 3-ம் தேதி வீட்டு பிரிண்டரில் கூரியர் லேபிள் எடுத்து ஒட்டி, படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு ‘அனுப்பியாச்சு’ என்றேன். கூரியர் பையன் 7-ம் தேதிதான் வந்து எடுத்தான். பார்சல் 10-ம் தேதி போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே வாய்க்கு வந்தபடி மெசேஜ் அனுப்பினார். 11-ம் தேதி வரவேற்பில் பெண் அதே கொலுசைத்தான் போட்டிருந்தாள், இன்ஸ்டாகிராமில் படமே இருக்கிறது. இப்போது பணத்தோடு ஒரு லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ்! என் போனில் அந்த ‘அனுப்பியாச்சு’ மெசேஜை அழித்துவிட்டேன். லேபிளின் தேதியை 7 என்று மாற்றி அச்செடுத்தும் வைத்திருக்கிறேன். பதிலோடு இணைக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் காகிதத்தை எதனோடும் சேர்க்காதீர்கள்.

அவர் பேசிய பேச்சு, கூரியர் பையன் இழுத்தடித்தது எல்லாம் இருக்கட்டும். பையன் வராதது உங்களுக்கும் கூரியருக்கும் உள்ள தகராறு, வாங்கியவருக்கு அதில் வேலை இல்லை. சரக்கு என்றைக்கு உங்கள் கையை விட்டுப் போனது என்பது ஒன்றுதான் கேள்வி. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 39-ன்படி, கொண்டுசெல்பவரிடம் ஒப்படைப்பதுதான் பொதுவாக வாங்குபவரிடம் ஒப்படைத்ததற்குச் சமம். வீட்டில் லேபிள் அடிப்பது ஒப்படைப்பு ஆகாது. லேபிள் எடுத்ததுமே டிராக்கிங் எண் உயிர் பெற்றுவிடும். ஆனால் அதில் முதலில் வருவது ‘விவரம் பெறப்பட்டது’ என்ற வரிதான். கூரியர் பார்சலை எடுக்கும்போது செய்யும் பிக்கப் ஸ்கேன் விழுந்த தேதிதான் கணக்கு. உங்களுக்கு அது 7. லேபிளில் 3 இருந்தாலும் 7 இருந்தாலும் அது மாறப்போவதில்லை.

அப்படியானால் பழைய தேதி இருந்த லேபிளால் உங்களுக்குப் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. கெடுத்தது ‘அனுப்பியாச்சு’ என்ற ஒரு சொல். தாமதம் என்று முடிந்திருக்க வேண்டியது, அதனால்தான் பொய் சொல்லி ஏமாற்றினார் என்று நோட்டீஸில் ஏறியிருக்கிறது. 3-ம் தேதியே பிக்கப் கேட்டதற்கு கூரியர் ஆப்பில் பதிவு இருந்தால் உடனே எடுத்து வையுங்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று காட்ட உங்களிடம் உள்ள நல்ல சாட்சி அது ஒன்றுதான்.

என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. சின்ன வழக்குதானே, ஒரு தேதிதானே என்று காகிதத்தைச் சரிசெய்வார்கள். உங்கள் போனில் அழித்த மெசேஜ் அவர் போனில் அப்படியே இருக்கும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-ன் கீழ் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு அதை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்வார். பக்கத்தில் உங்கள் புது லேபிளை வைப்பார்கள். ஒரே டிராக்கிங் எண், இரண்டு தேதி. லேபிள் எப்போது உருவானது என்று கூரியரிடம் கேட்டால் ஒரே பதிலில் தெரிந்துவிடும். நுகர்வோர் ஆணையத்தின் நடவடிக்கை சட்டப்படி நீதித்துறை நடவடிக்கை. அங்கே காட்டுவதற்காகப் பொய்ச் சாட்சியம் தயாரித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 229-ன்படி 7 ஆண்டு வரை சிறை. 18,500 ரூபாய் விவகாரத்துக்கு இது தேவையா?

இன்னொன்று. ‘கோவையில் கேஸ் போட்டால் செல்லாது, நான் சேலத்தில்தானே விற்றேன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நீங்கள்தான் வாய்தாவுக்கு வாய்தா கோவைக்கு பஸ் ஏற வேண்டும். ஆணையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தால் பதில் தாக்கல் செய்ய 30 நாள், கேட்டுக்கொண்டால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடைக்காது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

இன்ஸ்டாகிராம் படம்? ஒரு லட்சத்தைக் குறைக்கப் பேச உதவும், அவ்வளவுதான். தாமதமாக வந்ததை வாங்கிக்கொண்டார், அதனால் கேட்க முடியாது என்ற வாதமும் எடுபடாது. கல்யாணத் தேதி உங்களுக்குத் தெரியும், அவரும் பார்சல் வந்த அன்றே ஆட்சேபம் தெரிவித்துவிட்டார்.

சமாதானமாகப் போங்கள். வெள்ளி அழுகிப் போகிற சரக்கு இல்லை. கொலுசை எடை பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டம் செய்கூலியும் கூரியர் செலவும்தான். கொலுசு வேண்டும் என்றால் ஒரு தொகையைக் குறைத்துக் கொடுங்கள். எதுவானாலும் பணத்தை வங்கி வழியாக அனுப்பி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட காகிதம் வாங்காமல் விடாதீர்கள். போனில் ‘சரிம்மா, விட்டுட்டேன்’ என்றவர்கள் அப்புறம் புகார் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி லேபிள் எடுத்த அன்றே பார்சல் போகவில்லை என்றால், ஆப்பில் அதை ரத்து செய்து, பையன் வரும் நாளில் புதிதாக எடுங்கள். பேனாவால் தேதியைத் திருத்த வேண்டாம். ஒப்படைப்பதற்கு முன்னால் புது லேபிள் எடுப்பதில் தவறே இல்லை. தகராறு வந்த பிறகு எடுப்பதுதான் குற்றம். பிக்கப் சீட்டில் பையனிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கி, அந்தப் படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள்.