மூன்றாவது லேண்ட் வராமலே தோற்றுப்போகிறது என்ற கேள்விக்கு

நண்பரே, மேஜிக் தி கேதரிங் கார்டு ஆட்டத்தில் உங்கள் 60 கார்டு சிவப்பு டெக்கில் (ஆடும் கார்டுக் கட்டில்) 20 லேண்ட்தான் (மற்ற கார்டுகளைப் போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தரும் கார்டு) இருக்கிறது, நாலாவது டர்னுக்குள் ஆட்டம் கைவிட்டுப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று, நான்கு மானா கேட்கும் கார்டுகளை இவ்வளவு வைத்துக்கொண்டு 20 போதவே போதாது, முதலில் 24 ஆக்குங்கள். முதலில் ஆடும்போது தொடக்கத்தில் எடுக்கும் ஏழு கார்டுக் கையில் இரண்டே லேண்ட் என்றால், மூன்றாவது டர்னில் மூன்றாவது லேண்ட் இல்லாமல் நிற்க இப்போது சுமார் 43 சதவீத வாய்ப்பு, 24 வைத்தால் 34. இரண்டாவதாக ஆடினால் ஒரு கார்டு கூடுதலாக எடுப்பீர்கள், அதனால் அது 19க்கு இறங்கிவிடும், ஆக அதே கையை இரண்டாவதாக ஆடும்போது வைத்துக்கொள்ளலாம், முதலில் ஆடும்போது மல்லிகன் (கையைத் திருப்பிக் கலைத்துவிட்டுப் புதிதாக எடுப்பது) போடவேண்டும். தயங்காதீர்கள், மறுபடி ஏழு கார்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை டெக்கின் அடியில் வைப்பதுதான் இப்போதைய விதி.

அப்புறம், எதிராளி முதல் டர்னிலேயே லானோவர் எல்வ்ஸ் (தானும் மானா தரும் சிறிய உயிரினக் கார்டு) இறக்கினால் பின்னால் பெரிதாக ஏதாவது வரும் என்று ஷாக்கை (இரண்டு சேதம் தரும் ஒரு மானா சிவப்பு கார்டு) பொத்தி வைக்காதீர்கள், உடனே அடியுங்கள், விட்டால் இரண்டாவது டர்னில் அவருக்கு மூன்று மானா, அதற்குப்பிறகு நீங்கள் துரத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும். முதல் டர்னில் போட ஒன்றும் இல்லையா, டேப் ஆகி வரும் (வந்த டர்னில் மானா தராத) லேண்டை அப்போதே வைத்துவிடுங்கள்.

லேண்டுக்கு இடம் வேண்டுமென்றால் அந்த ஐந்து மானா கார்டுகள் நான்கையும் எடுத்துவிடுங்கள், அவை உங்கள் கையிலேயே தேங்கிக் கிடக்கின்றன.