கேளுங்கள், சொல்கிறோம்: பிழையற்ற தொடர் எது?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 'பிழையற்ற தொடரைத் தேர்க' என்று வந்தால் நான்கு விடைகளும் சரியாகவே படுகின்றன. காதுக்கு எது ஒத்துவருகிறதோ அதைக் குறித்துவிட்டு வருகிறேன். பாதிக்குமேல் தப்பு.
- வாசகி, காரைக்குடி

காதை நம்புவதுதான் கோளாறு. நம் பக்கத்தில் 'அப்பச்சி வந்தாக' என்று பேசியே பழக்கம். அதனால் 'அப்பச்சி வந்தார்கள்' என்பதில் காது குறை காணாது. தேர்வில் ஒருவருக்கு 'வந்தார்' என்பதே சரி; 'வந்தார்கள்' பலருக்கு.

நான்கு விடைகளையும் முழுதாகப் படிக்காதீர்கள். பெரும்பாலும் தொடர் ஒன்றாகவே இருக்கும், ஓரிரு சொற்கள்தான் மாறும். மாறுகிற இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள். முதலில் பயனிலை. 'கானாடுகாத்தான் வீடுகளில் பல பூட்டியே கிடக்கிறது.' எது கிடக்கிறது? 'பல'. ஆகவே 'கிடக்கின்றன'. அங்கே 'பல' போய் 'ஒன்று' வந்தால் 'கிடக்கிறது' என்பதே சரி. இடையில் நிற்கும் 'வீடுகளில்' நம்மைத் தடுமாற வைக்கத்தான். அது எழுவாயே அல்ல. 'ஒவ்வொரு' வந்தால் அடுத்த பெயர் ஒருமை: 'ஒவ்வொரு வீட்டிலும்'. 'இது கோயில் அன்று', 'இவை கோயில்கள் அல்ல'. 'மாணவர்கள் தன் பெயரை' என்றிருந்தால் அந்த விடையை அப்போதே அடித்துவிடலாம், 'தம்' வரவேண்டும். ஒரு, ஓர் சுலபம்: உயிரெழுத்துக்கு முன் ஓர். ஓர் ஊர், ஒரு வீடு.

சந்தியைக் கடைசியில் பாருங்கள், நேரம் தின்பது அதுதான். ஐ, கு உருபுகள் வெளிப்பட்டு நின்றால் வல்லினம் மிகும்: கொப்புடையம்மனைக் கும்பிட்டார், பிள்ளையார்பட்டிக்குப் போனார். பெயரெச்சத்தில் மிகாது: படித்த பையன். 'எடுத்துக் கொடுத்தான்' மிகும், 'வந்து கொடுத்தான்' மிகாது. முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம் ('து'வுக்கு முன் வல்லின மெய் 'த்'), பின்னது மென்தொடர் ('து'வுக்கு முன் மெல்லின மெய் 'ந்'). பெயரெச்சங்களில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ('செல்லாத' என்பதில் 'த' கெட்டு 'செல்லா' என நிற்பது) மட்டும் விலக்கு, அங்கே மிகும்: செல்லாக் காசு.

மரபுச் சொற்களுக்குக் குறுக்குவழி இல்லை. சோறு உண்டான், முறுக்குத் தின்றான், கூடை முடைந்தார், பானை வனைந்தார், சுவர் எழுப்பினார். பள்ளிப் பாடநூலில் உள்ளதை மனப்பாடம் செய்யவேண்டியதுதான்.

'சுவற்றில் எழுதாதே' தவறாம். 'கிணற்றில்' மட்டும் எப்படிச் சரி?
- வாசகர், தேவகோட்டை

கிணறு, கயிறு 'று'வில் முடிகின்றன. உருபு சேரும்போது ற் இரட்டித்து கிணற்றில், கயிற்றில் ஆகும். சுவர் 'ர்'இல் முடிகிறது. இரட்டிக்க அங்கே றகரமே இல்லை. சுவரில், சுவரை, சுவருக்கு. 'வலது பக்கச் சுவற்றில்' என்று தந்தால் பிழை இரண்டு. 'வலப்பக்கச் சுவரில்' என்பதே விடை. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்ட விடையும் பக்கத்திலேயே இருக்கும், ஏமாறாதீர்கள். முயற்சிக்கிறேன் (முயல்கிறேன்), அருகாமையில் (அருகில்), பதட்டம் (பதற்றம்), பூக்கோர்த்தாள் (பூக்கோத்தாள்) ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? தவறுக்கு மதிப்பெண் குறையுமா?
- வாசகர், பள்ளத்தூர்

3 மணி நேரத்தில் 200 கேள்விகள், சராசரி 54 விநாடி. தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளுக்கு 150 மதிப்பெண்; அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்குக் கழிவு இல்லை. இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறியுங்கள். ஒன்றுமே புரியாவிட்டால் 'விடை தெரியவில்லை' என்னும் ஐந்தாவது வட்டத்தை நிரப்புங்கள், வெறுமனே விடக்கூடாது.