47 வயதில் ஒற்றைச் சக்கர சைக்கிள்: முதலில் அந்த மணிக்கட்டைக் காட்டுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 47. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். மகனுக்கு வாங்கிய ஒற்றைச் சக்கர சைக்கிளை அவன் சீக்கிரமே ஓட்டக் கற்றுக்கொண்டான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு மாதமாக மதிலைப் பிடித்துப் பழகுகிறேன், ஐந்தடி போவதற்குள் இறங்கிவிடுகிறேன். தொடையிடுக்கு மரத்துப்போகிறது. மூன்று வாரத்துக்கு முன் விழுந்ததில் கையில் சுளுக்கு. கட்டைவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் வலி இருக்கிறது, அது பரவாயில்லை. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறாள் மனைவி. இனிமேல் எனக்கு பேலன்ஸ் வருமா?

பதில்: வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் "அது பரவாயில்லை" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண் புடைத்து நடுவில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியை மறு கை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் அது சுளுக்காக இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குழிக்குள் படகு வடிவில் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது, ஸ்காஃபாய்டு என்போம். கையை ஊன்றி விழும்போது முறிகிற எலும்புகளில் இது முக்கியமானது. வீக்கம் பெரிதாக இருக்காது, கையும் அசையும். அதனால்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் போகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் குறைந்து எலும்பு கூடாமல் போகலாம், பின்னாளில் மூட்டே தேய்ந்துவிடலாம்.

விழுந்த அன்றே எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் இந்த முறிவு சில சமயம் தெரியாது. பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால் பலருக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்கள் ஊரிலேயே ஆர்.கே.கான் மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே போய், "கை ஊன்றி விழுந்தேன், கட்டைவிரல் குழியில் வலி" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் எம்ஆர்ஐயோ சிடி ஸ்கேனோ தேவையா என்று கேளுங்கள். அதுவரை சைக்கிளைத் தொடாதீர்கள்.

அடுத்தது உங்கள் பாதம். நாம் சாயாமல் நிற்பதற்கு உள்காது, கண், பாதமும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு என மூன்று வழியாகச் செய்தி வருகிறது. சிறுமூளை அவற்றைச் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. 47 வயதில் அந்தக் கற்றல் நின்றுவிடுவதில்லை, மகனைவிடக் கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை பாதத்து நரம்புகளைத் தொட்டிருந்தால் மூன்றில் ஒரு செய்தி மங்கிப்போகும். மருத்துவமனையில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், தட்டினால் அதிரும் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) வைத்தும் சோதிப்பார்கள், சில நிமிட வேலை. தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு காவடி எடுப்பவராக இருந்தால், தீ மிதிப்பவராக இருந்தால், அதற்காகவும் இந்தச் சோதனை உங்களுக்கு வேண்டும். கொப்புளம் வந்ததே தெரியாமல் புண்ணாகி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கனத்திருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடும்போது பழகுகையில் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ பின்னால் சேர்ந்தால் வெறும் வயிற்றில் பழகக் கூடாது.

சரி, மரத்துப்போவதற்கு வருவோம். சாதாரண சைக்கிளில் கைகளும் கொஞ்சம் எடையைத் தாங்கும். இதில் அது இல்லை. எடையை சீட்டில் வைத்து உட்காருவதுதான் சரியான முறையும்கூட. அதனால் தொடையிடுக்கில் நரம்பு நசுங்குகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அணியும் பஞ்சு வைத்த கால்சட்டை போடுங்கள். இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் மரப்பு போகாவிட்டால், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஐந்தடியில் இறங்கிவிடுவதற்கு ஒரு காரணம் அது மகனுடைய உயரத்துக்கு வைத்த சீட்டாக இருக்கலாம். மதிலைப் பிடித்து உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கினால் சீட் தாழ்வு, எடை பெடலுக்குப் போகிறது. பெடல் நேராகச் சக்கரத்தோடு பூட்டியிருப்பதால் அதை அழுத்தினாலே சக்கரம் நழுவும். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமும். சரிவில் சக்கரம் உங்கள் காலையே இழுத்துக்கொண்டு ஓடும். சமதளமான காலி இடம் பாருங்கள். கடற்கரை நடைபாதை மட்டமானதுதான், ஆனால் அங்கே ஓடுகிறவர்கள் கூட்டம் அதிகம். கண் சக்கரத்தில் இருக்க வேண்டாம், தூரத்தில் இருக்கட்டும்.

ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போராடாதீர்கள். தினம் இருபது நிமிடம் போதும். பழகியதை மூளை பதிய வைப்பதில் இரவுத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பலருக்கும் மொத்தமாகப் பத்துப் பதினைந்து மணி நேரம் ஆகிறது; உங்களுக்கு இருபது ஆனாலும் தவறில்லை.

விழுவதையும் பழகுங்கள். சாயும்போது சைக்கிளைக் காப்பாற்ற நினைக்காமல் விட்டுவிட்டு முன்பக்கமாகக் காலை ஊன்றி நடந்துவிடுங்கள். பின்பக்கம் விழுந்தால்தான் வால் எலும்பும் பிடரியும் அடிபடும். ஆகவே ஹெல்மெட்டும், ஸ்கேட்டிங் செய்பவர்கள் போடும் மணிக்கட்டுக் கவசமும் கட்டாயம். பெடல் முன்னங்கால் எலும்பில் அடிக்கும்; சர்க்கரைக்காரருக்கு அங்கே வரும் காயம் சீக்கிரம் ஆறாது. கால்பந்து ஆடுகிறவர்களின் ஷின் கார்டு அதற்கு நல்லது. ஷூ கயிற்றை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். முறிவு இல்லை, பாதமும் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், வலி முழுதும் போன பிறகு மறுபடி தொடங்கலாம். முறிவு இருந்தால் கட்டு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இருக்கலாம். அதுவரை சைக்கிளை மகன் ஓட்டட்டும்.