வாசகர் கேள்வி பதில்: வாட்டர்லூ பாலமும் பதநீர்ப் பட்டையும்

கேள்வி: இருநூறு வருஷத்துக்கு முந்தையது என்று சொல்லி ஒரு லண்டன் சிறுவர் படப் புத்தகத்தின் ஸ்கேன் கிடைத்தது. கூவி விற்பவர்கள், பாலங்கள், செயின்ட் பால் தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. ஆண்டு போட்ட பக்கம் மட்டும் இல்லை. படத்தை வைத்தே காலம் சொல்ல முடியுமா?
– வாசகர், தென்காசி

பதில்: பாதிதான் சொல்ல முடியும். வாட்டர்லூ பாலத்தில் வண்டி போகிறதென்றால் படம் 1817-க்குப் பிந்தையது. தெருவில் கேஸ் விளக்கு எரிந்தால் 1807-க்குப் பிறகு; பால் மால் தெருவில் அதை ஏற்றிக் காட்டியது அந்த ஆண்டில். நீலக் கோட்டுப் போலீஸ்காரர் நின்றால் 1829-க்குப் பிறகு.

இதையே தலைகீழாக்கி, ‘லாந்தரோடு இரவுக் காவலாளி நிற்கிறார், எனவே 1829-க்கு முன்’ என்று முடிவு கட்டினால்தான் தப்பு. படத்தை அச்சிடச் செப்புத்தகட்டில் வெட்டச் செலவு அதிகம். அதனால் பதிப்பாளர்கள் பழைய தகட்டையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள்; முகப்பில் ஆண்டு மட்டும் மாறும். 1831-ல் புதுப் பாலம் திறந்த பிறகும் பழைய லண்டன் பாலம் புத்தகத்தில் நிற்கலாம். கோடுகள் மங்கி, நிழல் பகுதி வெளுத்திருந்தால் தகடு தேய்ந்த பிறகு எடுத்த பிரதி.

மூலப் பிரதி இருக்கும் நூலகத்துக்கு எழுதி இரண்டு விஷயம் கேளுங்கள். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆண்டு தெரிகிறதா? 1794 முதல் ஆங்கிலக் காகிதத்தில் அப்படி ஆண்டு பதிக்கும் வழக்கம் பரவியது. ஏற்றுமதியில் வரியைத் திரும்பப் பெற அது வேண்டியிருந்தது. ‘1810’ என்று இருந்தால் அதற்கு முன் அச்சாகவில்லை, அவ்வளவே. அடுத்து, தாளைச் சாய்த்துப் பார்த்தால் படத்தைச் சுற்றிச் சதுரமாக ஓர் அமுங்கல் தெரிகிறதா? தெரிந்தால் செப்புத்தகடு: ஈரத் தாளை உருளையில் அழுத்தியதன் தடம். மரக்கட்டை அச்சில் அது இராது. எழுத்தோடு சேர்ந்தே அச்சாகும்.

செயின்ட் பால் அடிக்கடி வருவதில் வியப்பில்லை. அதைச் சுற்றித்தான் புத்தகக் கடைகள். சிறுவர் புத்தகப் பதிப்பாளர் ஜான் ஹாரிஸின் கடையும் அங்கேதான்.

கேள்வி: அதே பாணியில் ரத வீதி வியாபாரிகளை வைத்து எங்கள் பிள்ளைகள் எட்டுப் பக்கப் புத்தகம் செய்ய வேண்டும். எப்படி மடிப்பது?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: ஓர் ஏ4 தாள் போதும். நெடுக்காக வைத்து நான்கு கட்டம் போடுங்கள். முன்புறம் கீழே இடப்பக்கம் 8-ஆம் பக்கம், வலப்பக்கம் 1. மேலே தலைகீழாக இடம் 5, வலம் 4. பின்புறம் கீழே இடம் 2, வலம் 7. மேலே தலைகீழாக இடம் 3, வலம் 6. ஜெராக்ஸ் கடையில் நீளப் பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். மாற்றித் திருப்பினால் 1-க்குப் பின்னால் 6 வந்துவிடும்.

பின்புறம் மேலே தெரிய வைத்து, மேல் பாதியைக் கீழே மடியுங்கள். 4, 5 நேராகத் தெரியும். இடப் பாதியை வலப் பக்கம் மூடினால் முகப்பு வந்துவிடும். முதுகில் மூன்று துளை போட்டுத் தைத்த பிறகே மேல் மடிப்பைக் கத்தியால் அறுக்க வேண்டும். முந்தி அறுத்தால் தாள் நழுவும்.

வண்ணம் பூச, பிள்ளைக்கு ஒரு நிறம் என்று கொடுத்துத் தாளைக் கைமாற்றுங்கள். அன்றும் அப்படித்தான் பூசினார்கள். கோட்டைத் தாண்டி நிறம் வழிவது அந்த அவசரத்தில்தான். இங்க்ஜெட் பிரதி வேண்டாம், தண்ணீர் பட்டால் கோடு கரையும்.

பக்கத்துக்கு ஓர் ஆள், இரண்டு வரிப் பாட்டு. பதநீர்க்காரரை வரைந்தால் பனையோலைப் பட்டையை விடாதீர்கள்: விசிறி மடிப்பு விரிந்து, நுனி முடிச்சு மேலே நிற்க வேண்டும். பத்தமடைப் பாய்க்காரருக்குத் தோளில் சுருட்டிய பாய் போதும்.

கேள்வி: 1810-ஆம் வருஷத்துத் தாள் வெள்ளையாக இருக்கிறது, என் தாத்தாவின் 1950 நாவல் பொடிகிறதே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முன்னது கந்தல் துணியில் செய்த தாள். பின்னது மரக்கூழ், அதிலுள்ள அமிலம் நாரை அறுக்கிறது. செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், பசை பழுப்பேறி எழுத்தையும் கெடுக்கும்.