உதரவிதான ஹெர்னியாவும் திடீர் நெஞ்சுவலியும்: கேள்வி-பதில்

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் பைக் விபத்தில் அடிபட்டுத் தேறிய என் தம்பிக்குத் திடீரென்று கடுமையான நெஞ்சுவலி வந்தது. இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிவிட்டதாகச் சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். இத்தனை காலம் கழித்தா இப்படி ஆகும்?

பதில்: ஆகும். விபத்தில் வயிறு அழுந்தும்போது, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் உதரவிதானம் கிழியக்கூடும். வலப்பக்கத்தைக் கல்லீரல் காப்பதால் இடப்பக்கக் கிழிசலே அதிகம். மற்ற காயங்களுக்கிடையே அது கண்ணில் படாமல் போகலாம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சறையின் அழுத்தம் வயிற்றறையைவிடக் குறைவதால், இரைப்பையோ குடலோ அந்த வழியே சிறிது சிறிதாக மேலேறி (இதுவே உதரவிதான ஹெர்னியா), மாதங்களோ ஆண்டுகளோ கழித்து முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபடும்போதுதான் கடும் வலி தொடங்குகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே 1579-இல் பதிவுசெய்த பீரங்கிப்படை கேப்டன், குண்டடிபட்டுப் பிழைத்து எட்டு மாதங்களுக்குப் பின் இறந்தார். அவருடைய பெருங்குடல் நெரிபட்டுக் கிடந்த துளையில் சுண்டுவிரல் நுனிதான் நுழைந்தது. துளை சிறியது என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். குடல் எளிதில் நெரிபடுவது குறுகலான துளையில்தான்.

கேள்வி: வலி மாரடைப்பாலா, இதனாலா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது, தயவுசெய்து முயலவும் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே முதலில் ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்து இதயத்தைத்தான் பார்ப்பார்கள். அதுவே சரியான முறை. அவை இயல்பாக இருந்தும் வலி தணியாமல், ஓங்கரித்தும் வாந்தி வராமல், மூச்சும் வாங்கினால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். பழைய விபத்தையோ கத்திக்குத்தையோ மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் தெரிந்துவிடாதா?

பதில்: பல நேரங்களில் தெரியும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். நெஞ்சுக்குள் ஏறி உப்பிய இரைப்பை, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததுபோலத் தோன்றலாம். அப்படி எண்ணி நெஞ்சில் குழாய் செருகினால் இரைப்பையே துளைபட்டுவிடும். மூக்கு வழியே இரைப்பைக்குள் விட்ட குழாய் படத்தில் நெஞ்சுக்குள் சுருண்டு தெரிந்தால், அது வலுவான தடயம். சந்தேகத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் சிடி ஸ்கேன்தான்.

கேள்வி: எண்டோஸ்கோப்பியில் எனக்குச் சிறிய ஹையாடஸ் ஹெர்னியா என்றார்கள். அஞ்ச வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பெரும்பாலானவை உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் இயல்பான துளை (ஹையாடஸ்) வழியே இரைப்பையின் மேற்பகுதி சற்றே வழுக்கி ஏறும் வகை, நெஞ்செரிச்சலோடு நின்றுவிடும். இரைப்பை உணவுக்குழாயை ஒட்டித் தனியே மேலேறும் வகையா என்று மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். முறுக்கிக்கொள்ளக்கூடியது அந்த வகைதான்.